ஜனவரியில் வாங்கிய தீபாவளி

சிங்கப்பூரில் தீபாவளிக்கு விளக்குச் சரம் வாங்கத் தோதான மாதம் ஜனவரி. கிறிஸ்துமஸ் மரத்தைப் பிரித்துப் பெட்டியில் போட்ட கையோடு, ‘பிளெஸ்ஸிங், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கேரோசல் செயலியில் அறிவிப்புகள் வரிசை கட்டும். காசு வாங்காமல் கொடுப்பதற்கு இந்த ஊரில் அதுதான் பெயர். மஞ்சள் ஒளி வீசும் எல்இடி சரம், பொன்னிற உருண்டை, வெள்ளி நட்சத்திரம் எல்லாம் அதில் வரும். சாண்டா தாத்தாவையும் பனிமானையும் ஒதுக்கிவிட்டால் மிச்சத்தை வைத்துத் தாராளமாக ஒரு தீபாவளி கொண்டாடலாம். அடுத்துச் சீனப் புத்தாண்டு முடியும். சிவப்புக் குஞ்சங்களும் தங்கத்தாள் பூக்களும் புளோக்குக் கீழே வந்து கிடக்கும். ஆண்டுக்கு ஆண்டு பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும் நோன்புப் பெருநாள் கழிந்ததும் பச்சையும் பொன்னுமாகத் தொங்கட்டான்கள் வரும்.

இதற்கு ஊரின் அமைப்பும் ஒரு காரணம். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. அந்தக் கொள்கையைப் பற்றிப் பல வாதங்கள் இருக்கின்றன. அவை வேறு கட்டுரைக்கு. அலங்காரம் தேடுகிறவருக்கு அதில் ஒரு லாபம் இருக்கிறது. மின்தூக்கியில் நம்மோடு ஏறி இறங்குகிறவர்கள் வெவ்வேறு மாதத்தில் பண்டிகை கொண்டாடுகிறார்கள். அவர்களுக்கு வேலை முடிந்த பொருளுக்கு நம் வீட்டில் இனிமேல்தான் வேலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1972இல் பட்டாசுக்கு முழுத் தடை விதித்த ஊர் இது. மத்தாப்போடு சரி. காசைக் கரியாக்க வழியில்லாததால், பண்டிகை வந்துவிட்டது என்று ஊருக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்கிற வேலை முழுவதும் விளக்கு, தோரணம், கோலம் ஆகியவற்றின் தலையில் விழுந்திருக்கிறது. செலவும் அங்கேதான் போகிறது.

கேம்பல் லேனில் காசு கரையும் விதம்

தீபாவளிக்குப் பல வாரங்களுக்கு முன்பே சிராங்கூன் சாலைக்கு மேலே ஒளி வளைவுகள் ஏறிவிடும். லிட்டில் இந்தியா வர்த்தகர் மரபுடைமைச் சங்கம், சுருக்கமாக லிஷா, முன்னின்று செய்யும் ஒளியூட்டு அது. அதன் கீழே நடந்து கேம்பல் லேனுக்குள் திரும்பினால் தீபாவளிச் சந்தை. 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் ஒரு முனையில் நிற்க, கூடாரத்துக்குள் இரண்டு பக்கமும் தோரணங்கள் தலையில் இடிக்கும். பிளாஸ்டிக் மாவிலை, பிளாஸ்டிக் செவ்வந்தி, கண்ணாடிச் சில் ஒட்டிய வாசல் தொங்கல், கோல ஒட்டுப்படம், யானை, மயில், தட்டில் தாமரை. தீபாவளிக்கு முதல் நாள் இரவு நடுநிசி தாண்டியும் கூட்டம் கலையாது. ‘லெலோங், லெலோங்’ என்ற ஏலக் கூவல் ஏற ஏற விலை இறங்கும். அந்த நேரத்துக்காகவே காத்திருந்து போகிற குடும்பங்கள் உண்டு.

கடைக்காரர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சில வாரங்களுக்குள் கடை வாடகை, ஆள் கூலி, சரக்கு முதல் அத்தனையையும் எடுத்தாக வேண்டும் அவர்களுக்கு. என் குறையெல்லாம் சரக்கின் மேல்தான். பசையில் ஒட்டிய ஜிகினா அடுத்த ஆண்டு பெட்டியைத் திறக்கும்போது பாதி பெட்டியிலேயே உதிர்ந்து கிடக்கிறது. இந்த ஊரின் புழுக்கத்துக்கு அந்தப் பசை நிற்பதில்லை. ஆகவே விலை மலிவாகத் தோன்றினாலும் வருடாவருடம் அதே செலவு. தூக்கிப் போட்டது எங்கே போகிறது என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை: எரியாலைக்குப் போய்ச் சாம்பலாகி, துவாஸிலிருந்து தெப்பத்தில் ஏறிப் புலாவ் செமாக்காவ் தீவுக்கு. 1999இல் திறந்த அந்தக் குப்பை நிரப்பிடம் ஒன்றுதான் நாட்டுக்கு மிச்சம். 2035 வாக்கில் அதுவும் நிரம்பிவிடும் என்பது அரசாங்கத்தின் கணிப்பு.

சுங்கை ரோடு இருந்தபோது

கேம்பல் லேனிலிருந்து பொடிநடையாகப் போகிற தூரத்தில், ரோச்சோர் கால்வாயை ஒட்டி, பழைய பொருளுக்கென்றே ஒரு சந்தை இருந்தது. 1930களில் தொடங்கிய சுங்கை ரோடு சந்தை. திருட்டுச் சந்தை என்பது ஊர் வைத்த பெயர். மலாய்க்காரர்கள் கேலியாக ‘ராபின்சன் பெத்தாங்’ என்பார்கள், அதாவது சாயங்கால ராபின்சன். ராபின்சன் என்பது 1858இல் தொடங்கிய, வெள்ளைக்காரர்கள் சாமான் வாங்கிய பெரிய கடை. ஏழைகளுக்குத் தரையில் விரித்த தார்ப்பாய்தான் ராபின்சன்.

வாடகை கிடையாது. வெயிலுக்கு ஒரு குடை, உட்கார ஒரு பெட்டி. பெரும்பாலும் வயதான சீனர்கள் விற்பார்கள். ஓடாத கடிகாரம், சுழல்முனைத் தொலைபேசி, இசைத்தட்டு, நாணயம், தேய்ந்த சப்பாத்து, யாரோ ஒருவரின் குடும்பப் படம், சட்டத்தோடு. ஞாயிற்றுக்கிழமையானால் லிட்டில் இந்தியாவுக்கு வரும் தமிழ்நாட்டு, பங்ளாதேஷ் தொழிலாளர்கள் அங்கே போய்க் கைப்பேசியும் பையும் காலணியும் பேரம் பேசுவார்கள். வீடு மாற்றுகிறவர்களும் காலமானவர்களின் பிள்ளைகளும் கழித்துக் கட்டிய பித்தளைச் சாமான் அந்தத் தார்ப்பாய்களில்தான் வந்து சேரும். செம்பு, தாம்பாளம், சில சமயம் குத்துவிளக்கு.

ஜாலான் புசார் எம்ஆர்டி நிலைய வேலைக்காக 2011இல் சந்தையின் பரப்பு ஏறக்குறைய பாதியானது. 2017 ஜூலை 10ஆம் தேதி அடியோடு மூடினார்கள். சில வியாபாரிகளுக்கு உணவங்காடி நிலையங்களில் பூட்டுக்கடை கிடைத்தது, பலர் சிதறிப்போனார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ரயில் ஓடத் தொடங்கியது. அசல் ராபின்சன் மட்டும் பிழைத்ததா என்றால், 2020இல் அதுவும் கடையைக் கட்டுவதாக அறிவித்துவிட்டது.

பழசு வாங்குவது அதற்குப் பிறகு தெருவிலிருந்து கைப்பேசிக்குள் போய்விட்டது. 2012இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் மூவர் தொடங்கிய கேரோசல்தான் இன்றைய சுங்கை ரோடு. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் தார்ப்பாயில் கிடந்ததைக் கையில் எடுத்து, கனம் பார்த்து, விரலால் சுண்டி ஓசை கேட்டு வாங்கலாம். செயலியில் படத்தை நம்ப வேண்டியிருக்கிறது. பேரம் பேசத் தெரிந்த, தட்டச்சு தெரியாத முதியவர்கள் இரண்டு பக்கத்திலும், விற்பவர்களிலும் வாங்குபவர்களிலும், காணாமல் போய்விட்டார்கள்.

கையால் தொட்டு வாங்க இன்னும் சில இடங்கள் உண்டு. அப்பர் புக்கித் தீமா சாலை 500ஆம் எண்ணில் இரட்சணிய சேனையின் பெரிய கடை. நன்கொடையாக வந்த பாத்திரம், படச்சட்டம், விளக்கு, துணி என்று அரை நாள் தின்றுவிடும். லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து நடந்தே போகிற தூரத்தில், வாட்டர்லூ ஸ்திரீட் 96ஆம் எண்ணில், சிங்கப்பூர் மாதர் அமைப்புகள் மன்றம் நடத்தும் ‘நியூ டூ யூ’. கம்போங் அம்பாட்டில் ஹொக் சியோங் என்ற கடை, ஹோட்டல்கள் புதுப்பிக்கும்போது கழிக்கும் மேசை விளக்கு, கண்ணாடி, நாற்காலிகளை விற்கிறது. அங்கே எல்லாமே மலிவு என்று நினைத்துப் போகக் கூடாது. ஹோட்டல் பொருளுக்கு ஹோட்டல் பொருளின் விலை உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலே காராங்குனிக்காரர். தள்ளுவண்டியோடு வந்து, ரப்பர் ஊதுகுழலை ‘பாம் பாம்’ என்று அமுக்கி, பழைய செய்தித்தாளுக்கும் துணிக்கும் வானொலிப் பெட்டிக்கும் காசு கொடுத்துவிட்டுப் போவார். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்று வளர்ந்தவர்களுக்கு அவரைப் புரிந்துகொள்ளப் பெரிய விளக்கம் தேவையில்லை. அவரிடம் விற்கத்தான் எல்லோருக்கும் தெரியும். நின்று கேட்டால் வண்டியில் இருப்பதை நமக்கு விற்கவும் செய்வார் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

யார் வீட்டு விளக்கோ

பழைய குத்துவிளக்கு வாங்கப் போகிறவர் பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுகிற காந்தம் போதும். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு, விட்டுவிடலாம். அடுத்து, விளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவிலில் வார்க்கிற விளக்குகள், புவிசார் குறியீடு பெற்றவை, பாகம் பாகமாக வார்த்துக் கடைசல் பிடித்து மரை வைத்து இணைப்பவை. அடிப்பாகம், தண்டு, அகல், உச்சியில் அன்னம். பழைய விளக்கில் மரை தேய்ந்திருந்தால் தண்டு ஆடும். ஆடுகிற விளக்கில் எண்ணெய் ஊற்றித் திரி போடுவது ஆபத்து. அழகுக்கு நிறுத்தலாம், ஏற்றக் கூடாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எடுத்தவுடன் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். சில விளக்குகளில் பளபளப்புக்காக வார்னிஷ் போன்ற ஒரு பூச்சு இருக்கும். அதன் மேல் எவ்வளவு புளி தேய்த்தாலும் கை வலிப்பதுதான் மிச்சம். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு ஓரிடத்தில் துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பூச்சு போனபிறகு புளிக்கரைசலும் உப்பும். களிம்பு பச்சையாகப் படிந்த மடிப்புகளுக்குப் பழைய பல்தூரிகை. ஊற வைத்துவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கப் போகக் கூடாது. புளிப்பு அதிக நேரம் நின்றால் பித்தளையிலிருக்கும் துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் மேலே தங்கி, அங்கங்கே இளஞ்சிவப்புத் திட்டு விழும். அதைத் தேய்த்து எடுப்பது பெரும்பாடு. பத்து நிமிடம் ஊறினால் போதும். மறுபடி வேண்டுமானால் மறுபடி. சுடுநீரில் அலசி, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, கடைசியில் திருநீற்றைத் துணியில் தொட்டு வறட்டுத் தேய்ப்பு. எந்த விலையுயர்ந்த பாலிஷும் அந்தப் பளபளப்பைத் தந்து நான் பார்த்ததில்லை. முஸ்தபா பேரங்காடியில் பீதாம்பரிப் பொடி கிடைக்கிறது, அவசரக்காரர்களுக்கு.

இதெல்லாம் கை வேலை. மனத்தில் ஒரு வேலை இருக்கிறது, அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. “யார் வீட்டு விளக்கோ, என்ன கஷ்டத்தில் கொடுத்தார்களோ, அதைக் கொண்டுவந்து சாமி முன்னால் வைக்கிறாயே தம்பி” என்று வீட்டுப் பெரியம்மாக்கள் கேட்பார்கள். விளக்கை விற்பது லட்சுமியை வெளியே அனுப்புவது என்று நம்பிய தலைமுறை அது. அதனால்தான் கடைக்கு வரும் விளக்குகளில் பெரும்பாலானவை யாராவது இறந்த பிறகு, வீட்டைக் காலி செய்கிற அவசரத்தில் வந்தவை. பெரியம்மாவின் சங்கடம் நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன். பூசையறையில் வீட்டு விளக்கே இருக்கட்டும். வாங்கி வந்தது வாசற்படியில் நிற்கட்டும், சுற்றிலும் பூ வைத்து. இந்த ஏற்பாட்டுக்குப் பெரும்பாலான பெரியம்மாக்கள் இணங்குகிறார்கள். இரண்டு தீபாவளி போனால் அவர்களே அதைத் துடைத்து வைக்கிறார்கள்.

பால் டின்னில் புள்ளிக்கோலம்

விளக்குக்கு அடுத்து நான் சிபாரிசு செய்வது காசே வேண்டாத ஒன்று, கோப்பிக் கடையின் கெட்டிப் பால் டின். பிளாஸ்டிக் பை வருவதற்கு முன்பு, ‘பொட்டலம்’ கேட்டால் காலி பால் டின்னில் கோப்பி ஊற்றி, ஓட்டையில் கயிறு கோத்துக் கையில் கொடுப்பார்கள். ஆகவே அந்த டின்னுக்கு இரண்டாம் பிழைப்பு புதிதல்ல. இன்றும் கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் கழுவி எடுத்து வைப்பார்.

டின்னில் ஆணியால் ஓட்டை போட்டு உள்ளே தீபம் வைத்தால் கூண்டு விளக்கு. இதை எல்லோரும் ஒருமுறை முயன்று பார்த்திருப்பார்கள். ஆணியை அடித்ததும் டின் நசுங்கிப் போயிருக்கும். வழி இதுதான். டின்னில் முக்கால் பங்குக்குச் சற்று மேலே நீர் ஊற்றி, உறைபெட்டியில் ஓரிரவு வைக்க வேண்டும். விளிம்பு வரை ஊற்றினால் பனிக்கட்டி விரிந்து அடிப்பாகம் புடைத்துவிடும், பிறகு டின் தரையில் நிற்காது. உறைந்த டின்னை மடித்த துண்டின் மேல் படுக்க வைத்து, காகிதத்தில் போட்ட புள்ளிக்கோலத்தைச் சுற்றி ஒட்டி, புள்ளிக்குப் புள்ளி ஆணி. உள்ளே பனிக்கட்டி தாங்குவதால் தகடு நசுங்காது. பெரிய ஆணியால் புள்ளி, சின்ன ஆணியால் இழை. சிக்குக்கோலம் வேண்டாம், வளைவுகளில் ஓட்டைகள் நெருங்கித் தகடு கிழியும். ஐந்து புள்ளி நட்சத்திரம் அருமையாக வரும். பனி உருகியதும் உடனே துடைத்துக் காயவைக்காவிட்டால் மறுநாள் காலையில் துரு. உள்ளே ஓட்டைகளின் விளிம்பு ரம்பம் போல இருக்கும். விரலை விட்டுத் துடைக்க வேண்டாம், துணியைக் குச்சியில் சுற்றித் துடையுங்கள்.

இரவில் இதற்குள் ஓர் அகல் வைத்தால் நடைபாதைச் சுவரில் கோலம் விழும். மாவு வேண்டாம், மிதித்துவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். தகடு சூடேறும் என்பதால் தரை ஓட்டின் மேல் வையுங்கள். குழந்தைகள் ஓடும் வீட்டில் பேட்டரி விளக்கு.

அற்பமான பொருளைக் கொண்டு கோலம் என்றால் சுதா ரவியையும் அவர் மகள் ரக்‌ஷிதாவையும் குறிப்பிடாமல் போக முடியாது. 2023 ஜனவரியில், பொங்கல் கொண்டாட்டத்தை ஒட்டி லிட்டில் இந்தியாவில், 26,000 ஐஸ்கிரீம் குச்சிகளால் 6 மீட்டருக்கு 6 மீட்டர் கோலம் ஒன்றை வைத்துச் சிங்கப்பூர்ச் சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்தார்கள். திருவள்ளுவர், ஔவையார், பாரதியார், பாரதிதாசன் உருவங்கள் குச்சியால் எழுந்தன. வீட்டு வாசலுக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் குச்சிக்கோலத்துக்கு ஒரு பெரிய வசதி உண்டு: பலகையில் ஒட்டிவிட்டால் அடுத்த ஆண்டும் அதே கோலம்.

மடிப்பில் விட்டுப்போன பட்டு

பழைய பட்டுப்புடவை எல்லோர் பெட்டியிலும் ஒன்று இருக்கும். உடுத்த முடியாது, ஏனென்றால் வருடக்கணக்காக ஒரே மடிப்பில் இருந்து மடிப்போரம் விட்டுப்போயிருக்கும். தூக்கிப் போடவும் மனம் வராது. தோரணத்துக்கு அதுதான் சரியான துணி. ஆனால் கத்தரிக்கோலை எடுக்குமுன் ஜரிகையைப் பாருங்கள். ஓர் இழையை உருவி நகத்தால் சுரண்டினால், உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அது பெரும்பாலும் அசல் வெள்ளிச் சரிகை. தமிழ்நாட்டில் அதற்கு விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறார்கள். வெள்ளையாகவோ பிளாஸ்டிக்காகவோ இருந்தால் கவலையில்லாமல் வெட்டலாம்.

முதலில் இரண்டு கரையையும் தனியே எடுத்துவிட வேண்டும். அவை வாசல் நிலைக்கு மேலே போகிற பட்டை. முந்தானையிலிருந்து மாவிலை வடிவத்தில் துண்டுகள்; இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்துத் திருப்பினால் இழை பிரியாது. தையல் வராதவர்கள் தேக்கா நிலையத்தின் மாடிக்குப் போகலாம். அங்கே துணிக்கடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் தையல்காரர்கள் தீபாவளி ரவிக்கை வேலையில் மூழ்குவதற்கு முன், அதாவது ஆகஸ்டிலேயே, கொடுத்துவிட வேண்டும். அக்டோபரில் கொண்டுபோனால் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

சோடி உடைந்த வளையல்களை மறந்துவிட்டேன். ஒற்றை ஒற்றையாக எஞ்சிய கண்ணாடி வளையல்களை ஒன்றன் மேல் ஒன்று ஒட்டி அடுக்கினால் சின்ன விளக்குக்குக் கூடு. ஒரு மாலை நேரத்து வேலை, பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

பக்கத்து வீட்டுச் சீனத்து ஆன்ட்டியிடமும் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. புத்தாண்டில் வந்த காலி அங் பாவ் அன்பளிப்பு உறைகளை அவர்கள் எறிவதில்லை. மடித்து, ஒட்டி, கூண்டு விளக்காகவும் மீனாகவும் அன்னாசிப்பழமாகவும் கூடத்தில் தொங்கவிடுகிறார்கள். தீபாவளிக்கு நாமும்தான் உறை கொடுக்கிறோம், வங்கிகள் ஊதாவிலும் மஞ்சளிலும் அச்சடித்துத் தருகின்றன. பிள்ளைகள் காசை உருவியதும் அவை நேரே குப்பைக்குப் போகின்றன. அந்த உறைத் தாள் தடிமனானது, பொன் அச்சு போட்டது. கடையில் காசு கொடுத்து வாங்கினாலும் அப்படித் தாள் கிடைப்பது கடினம்.

கொலு கற்றுக்கொடுத்தது

பழையதைப் புதுப்பித்து அலங்கரிப்பது ஏதோ இன்றைய நாகரிகம் என்பது போல் பேசுகிறார்கள். நவராத்திரிக் கொலு வைக்கிற வீடுகளுக்கு இது பரம்பரைப் பழக்கம். பாட்டியின் மரப்பாச்சி, அம்மாவின் தசாவதாரம், நடுவில் ஆண்டுக்கொன்றாக வந்து சேர்ந்த புதிய பொம்மை. புதியது ஒன்றுதான், மிச்சமெல்லாம் பழையது. படிகூட வாங்குவதில்லை. மடக்கு நாற்காலி, புத்தக அலமாரிப் பலகை, பெட்டி, அரிசி வாளி எல்லாவற்றையும் உயர வாரியாக அடுக்கி மேலே ஒரு வெள்ளை வேட்டியை விரித்தால் ஐந்து படி தயார். கீழே என்ன இருக்கிறது என்று எந்த விருந்தாளியும் வேட்டியைத் தூக்கிப் பார்த்ததில்லை.

பொம்மை உடைந்தால் ஒட்டுவதும் வீட்டு வேலைதான். காகிதக்கூழ் பொம்மையின் கை போனால், மெல்லிய தாளைப் பசையில் ஊறவைத்துக் கம்பியில் சுற்றி விரல் பிடித்து, காய்ந்ததும் சுண்ணாம்புக்கட்டித் தூளும் பசையும் குழைத்துப் பூசி, உப்புத்தாளால் இழைத்து, வண்ணம். முகத்தை மட்டும் தொடாதீர்கள். கண் எழுதுவது கைதேர்ந்தவர் வேலை. நாம் எழுதினால் முருகன் திடுக்கிட்டு விழிப்பார்.

நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் இடையே மூன்று வாரம்கூட முழுதாக இல்லை. கொலுவுக்கு எடுத்த பலகையை அப்படியே வாசலுக்கு நகர்த்தி விளக்கு வரிசைக்குப் படியாக்கலாம். மறுபடி பெட்டியில் கட்டுவதற்கு அவசரம் இல்லை.

வாசலில் ஒரு சட்டம், நீரில் ஒரு சட்டம்

உற்சாகத்தில் நடைபாதையை அடைத்துவிட வேண்டாம். தீ விபத்து நேர்ந்தால் மக்கள் வெளியேறவும் தூக்குப்படுக்கை போகவும், பொது நடைபாதையில் 1.2 மீட்டர் அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. நகர மன்றத்து ஆள் வந்து அளப்பதற்கு முன் நீங்களே நாடாவைப் பிடித்துப் பார்த்துவிடுங்கள். துணித் தோரணத்துக்கு நேர் கீழே எரியும் விளக்கு கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

பழைய வெண்கல உருளி கிடைத்தால் நீர் நிரப்பிப் பூ மிதக்கவிட யாருக்குத்தான் ஆசை வராது! இந்த ஊரில் அந்த நீரில் பூவோடு ஏடிஸ் கொசுவும் குடியேறும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள், அபராதமும் போடுவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் நீரைக் கொட்டி உருளியின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், கொசு முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பழைய மின்சரங்களை நான் அப்படியே செருகுவதில்லை. கம்பியின் மேலுறை வெடித்திருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த உருண்டை முனைச் சரத்தை இங்கத்து மூன்று தட்டை முனைத் துளையில் குச்சி வைத்துத் திணிக்கிற வித்தையும் வேண்டாம். அடாப்டரில் பாதுகாப்புச் சின்னம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹோட்டல் மேசை விளக்கின் கம்பியை மாற்றத் தெரியாதவர்கள் ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ நடக்கும் ஞாயிற்றுக்கிழமை போகலாம். 2014இல் தொடங்கிய இந்த முயற்சியில் தன்னார்வலர்கள் நம் பொருளை வாங்கிச் சரிசெய்து தந்துவிடுவதில்லை. நம்மை உட்காரவைத்து நம் கையாலேயே செய்யச் சொல்கிறார்கள். திருப்புளியைக் கையில் பிடித்தே பார்த்திராதவர்கள்கூட விளக்கை எரியவிட்டு எடுத்துப் போகிறார்கள்.

இத்தனையும் சொன்னபிறகு ஓர் எச்சரிக்கை. பழசு மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிக் குவிப்பதும் ஒரு கடைப்பைத்தியம்தான். இரட்சணிய சேனைக் கடையில் வண்டி நிறையத் தாம்பாளம் தள்ளிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கலாம். உண்மையிலேயே ஒரு பாத்திரம் தேவைப்பட்டு வருகிற குடும்பத்துக்கு அதில் ஒன்று போயிருக்கலாம் என்று தோன்றும். பழைய பொருளை அழகுபடுத்துவது மோஸ்தரான பிறகு அதன் விலையும் ஏறியிருக்கிறது. சுங்கை ரோட்டில் தொழிலாளி இரண்டு வெள்ளிக்குப் பேரம் பேசிய செம்பு இன்று செயலியில் ‘விண்டேஜ்’ என்ற அடைமொழியோடு வேறு விலையில் நிற்கிறது. விற்கிறவருக்கு அதன் கதை தெரியாது, வாங்குகிறவரும் கேட்பதில்லை.

ஆகவே வாங்குமுன் வீட்டில் எங்கே வைப்பது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். அடுக்குமாடி வீட்டில் பரண் கிடையாது. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டிய வீடுகளில் போர்க்காலத்துக்கென்று ஒரு பாதுகாப்பறை வைத்தார்கள். அந்த ‘பாம் ஷெல்ட’ருக்குள்தான் எல்லோருடைய தீபாவளியும் பதினோரு மாதம் குடியிருக்கிறது, மிதிவண்டிக்கும் உறவினர் கொடுத்த ரைஸ் குக்கருக்கும் நடுவில். விளக்கைப் பாகம் பாகமாகக் கழற்றிப் பழைய வேட்டியில் சுற்றி, சரத்தை அட்டையில் முறுக்கில்லாமல் சுருட்டி, பட்டுத் தோரணத்தை மடிக்காமல் காகிதக் குழலில் உருட்டி வைத்தால் ஒரு பிஸ்கட் டின்னும் ஓர் அட்டைப்பெட்டியும் போதும். அதற்கு மேல் போனால் எதையாவது கொடுத்துவிட்டுத்தான் புதிதாக ஒன்று. நவம்பரில் செயலியில் போட்டுப் பாருங்கள், மஞ்சள் விளக்குச் சரம் கேட்டு அன்றைக்கே செய்தி வரும். மரம் வைக்கிற வீடுகளுக்கு அப்போதுதான் சீசன்.